சுருளிக் குரங்கும் பரம்பரைக் கணக்கும்



கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குச் சென்றதுண்டா? குளித்துவிட்டுத் தலை துவட்டுவதற்குள், பையிலிருக்கும் பொரியைப் பறித்துக்கொண்டு மரமேறிவிடும் குரங்கை அங்கே பார்த்திருப்பீர்கள். உச்சந்தலையில் வகிடெடுத்து வாரிவிட்டது போன்ற மயிர், நீண்ட வால். இதுதான் நாட்டுக் குரங்கு. விஞ்ஞானிகள் இட்ட பெயர் மக்காக்கா ரேடியேட்டா. தீபகற்ப இந்தியாவே இதன் தாயகம். மனநோயைப் பற்றிய ஆராய்ச்சியில் இந்த இனத்துக்கு ஓர் இடம் உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

ஊரில் ஒருவருக்கு மனநோய் வந்தால், “அது அந்தக் குடும்பத்து ரத்தம்” என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த வீட்டில் பெண் எடுக்கவும் தயங்குகிறார்கள். இது நியாயமா?

நம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையைப் பாருங்கள். கொடியின் குச்சியை வெட்டி நட்டுப் புதுக் கொடி வளர்க்கிறோம். ஆகவே தாய்க்கொடியின் ஜீன்கள்தாம் அதிலும் இருக்கும். ஒரே கொடியில் வெட்டிய இரு குச்சிகளில் ஒன்றை நல்ல மண்ணிலும், மற்றதை வறண்ட மேட்டிலும் நட்டால் காய்ப்பு ஒன்றாகவா இருக்கும்? வேறுபாட்டுக்குக் காரணம் மண்ணும் நீருமே. அதே மண்ணில் வேறு ரகத் திராட்சையை நட்டால், அப்போது வேறுபாடு பரம்பரையால் வருவது.

பௌதிகச் சோதனையிலும் இப்படித்தான். கம்பியின் மின்தடையை அறிய, நீளத்தை மட்டும் மாற்றுவோம். தடிப்பையும் வெப்பநிலையையும் மாறாமல் வைப்போம். ஆனால் மனிதக் குழந்தைகளை இப்படிப் பிரித்து வளர்க்க முடியுமா? முடியாது, கூடாது. ஆகவே விஞ்ஞானிகள் குரங்கை நாடினார்கள்.

1960களில் நியூயார்க்கில் சார்லஸ் காஃப்மன், லெனார்ட் ரோசன்ப்ளம் என்ற இருவர் நாட்டுக் குரங்குகளையும் பன்றிவால் குரங்குகளையும் ஒப்பிட்டனர். குட்டியைக் கூட்டத்திலேயே விட்டுத் தாயை மட்டும் சில வாரங்கள் அகற்றினர். பன்றிவால் குட்டி முதலில் பதறியது. பிறகு தலை கவிழ்ந்து, உடல் குறுகி, விளையாட்டை மறந்து உட்கார்ந்துவிட்டது. நாட்டுக் குரங்குக் குட்டியோ அவ்வளவு துவளவில்லை. கூட்டத்திலிருந்த மற்றப் பெண் குரங்குகள் அதை அணைத்துக்கொண்டன!

அப்படியானால் இது பரம்பரையா, சூழ்நிலையா? யோசியுங்கள். ஒட்டி உட்கார்ந்து பழகுவது நாட்டுக் குரங்கின் இனக்குணம். பெரிய குரங்குகளின் அந்தக் குணமே குட்டிக்குச் சூழ்நிலை ஆகிறது. இரண்டையும் கத்தரித்துப் பிரிக்க முடியவில்லை.

பின்னர் இன்னொரு சோதனை. தாய்க் குரங்குக்கு இரை சில வாரம் எளிதாகவும், சில வாரம் கடினமாகவும் கிடைக்குமாறு மாற்றி மாற்றி வைத்தார்கள். தாய் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் எப்படி இருக்குமோ என்ற நிலையின்மை. அத்தாய்கள் வளர்த்த குட்டிகள் பயந்த சுபாவத்தோடு வளர்ந்தன. அவை பெரிதான பிறகும், உடலில் அபாய மணியடிக்கும் ஒரு வேதிப்பொருள் அவற்றின் மூளைத் தண்டுவட நீரில் மிகுந்திருந்ததாக 1996ல் அறிவித்தனர்.

ஜீனையே நேராகப் பார்த்தவர்கள் அமெரிக்காவில் ஸ்டீபன் சுவோமி குழுவினர். அவர்கள் ஆராய்ந்தது வடஇந்தியாவிலும் வாழும் ரீசஸ் குரங்கு. மூளையில் செரோடோனின் என்ற பொருளைக் கையாளும் ஜீன் ஒன்றுக்கு நீண்ட வடிவம், குறுகிய வடிவம் என இரண்டு உண்டு. தாயில்லாமல் வளர்ந்த குரங்குகளில், குறுகிய வடிவம் கொண்டவற்றின் செரோடோனின் செயல்பாடு குறைந்திருந்தது. தாயிடம் வளர்ந்தவற்றில் அந்த வேறுபாடு தெரியவில்லை! 2002ல் வெளியான முடிவு இது.

அவசரப்பட்டு இதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிடாதீர்கள். இதே ஜீனைப் பற்றி மனிதரிடம் 2003ல் இதுபோன்ற முடிவு வந்தது. பிறகு நடந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. மனநோய்களில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பது உண்மை. ஆனால் ஒரு நோய்க்கு ஒரு ஜீன் என்ற கணக்கு பொதுவாகப் பொருந்துவதில்லை. பல நூறு ஜீன்கள் சிறிது சிறிதாகப் பங்கு கொள்கின்றன. ஜீன் விதை மாதிரி. அது தலையெழுத்து அல்ல.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. தாயைப் பிரித்தால் குட்டி நம்மைப் போலவே துயரப்படுகிறது என்பதால்தானே அதை ஆராய்ந்தோம்? அப்படியானால் அந்தத் துயரத்தை உண்டாக்க நமக்கு உரிமை உண்டா? இந்தியா 1978ல் ரீசஸ் குரங்கு ஏற்றுமதியை நிறுத்தியது. சுவோமியின் சோதனைச்சாலைக் குரங்கு ஆய்வுகளை முடித்துக்கொள்வதாக 2015ல் அறிவிப்பு வந்தது. விவாதம் இன்றும் ஓயவில்லை. நீங்களும் வகுப்பில் விவாதித்துப் பாருங்கள்.

அடுத்த முறை சுருளிக்குப் போனால் பொரி போடாதீர்கள். நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு தள்ளி உட்காருங்கள். ஒரு குட்டியை மட்டும் அரைமணி கவனியுங்கள். தாயைத் தவிர யார் யார் அதைத் தொடுகிறார்கள், எத்தனை முறை என்று குறியுங்கள். கூண்டும் ஊசியும் இல்லாமல் செய்யக்கூடிய ஆராய்ச்சி அது. யாராவது “அந்தக் குடும்பத்து ரத்தம்” என்று பேசினால், இந்தக் குட்டிகளின் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.