கப்பலிலிருந்து கரைக்கு

மாமல்லபுரத்திற்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? அக்காலத்தில் அங்கே கப்பலை அணைக்கத் துறை இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. ஆட்களும் சரக்கும் எப்படிக் கரை சேர்வது? இடையில் அலைகள் இருக்கின்றனவே!

ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் குறைகிறது; உயரம் கூடுகிறது. ஆழம் அலை உயரத்தைப் போல் ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறைந்ததும் முகடு முன்னே சரிந்து உடைகிறது. அதாவது 1 மீட்டர் அலை மார்பளவு நீரில் உடையும். அங்கே தரை தட்டினால், ஆணி அடித்த விறைப்பான படகு பிளந்துவிடும்.

இதற்குச் சோழமண்டலக் கரையோர மக்கள் கண்ட வழிதான் மசூலாப் படகு. பலகைகளில் துளையிட்டு, தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தார்கள். ஆணியும் இல்லை, உட்சட்டமும் இல்லை. மோதினால் படகு வளைந்து கொடுக்கும். துடுப்புக்காரர்கள் பெரிய அலைகளைக் கடக்கவிட்டு, ஓர் அலையின் முதுகையொட்டிக் கரைக்கு விரைவார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் அமையும்வரை சென்னையிலும் இப்படித்தான் இறங்கினார்கள்.

மாமல்லபுரக் கடலில் கால் வைக்குமுன் நீங்களும் அலை எங்கே உடைகிறது என்று பாருங்கள். அந்த இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். தைத்த படகைப் போல் நம் கழுத்து வளைந்து கொடுக்காது.