மனம் சோர்ந்தால் யாரிடம் போவது?

சரக்கு, வரி, எடைக்கல் முத்திரை என்றே பேசிப் பழகிய நாம், இம்முறை கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் மனத்தைப் பற்றி எழுதுகிறோம். அது கெட்டால் கடையும் கெடும்.

நமக்கு நேர்ந்ததையே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய பாக்கி வராமல் நின்றுபோயிற்று. நமக்குச் சரக்கு கொடுத்தவருக்குச் சொன்ன தவணையில் பணம் கட்ட முடியவில்லை. இரவு 2 மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை. நாள்வழியை மூன்று முறை கூட்டினால் மூன்று தொகை வந்தது. கடைப் பையன்கள் மேல் எரிந்து விழுந்தோம். நெஞ்சு படபடக்கிறதே என்று டாக்டரிடம் போனோம். ஈ.சி.ஜி., சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, உளவியலாளரைப் பாருங்கள் என்றார். "நமக்கென்ன பைத்தியமா?" என்று இரண்டு மாதம் கடத்தினோம். பிறகுதான், தெரிந்தவர் கண்ணில் படாமல் பக்கத்து ஊருக்குப் போனோம். நம் உறுப்பினர் எவரும் அப்படி நாளை வீணாக்கக் கூடாது.

மனநல மருத்துவர் வேறு, உளவியலாளர் வேறு. முன்னவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் மருந்து தருவதில்லை. பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை செய்பவர். சிலருக்கு இரண்டும் தேவைப்படும். போகுமுன் படிப்பு, பதிவு, கட்டணம் மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். சரக்கில் தரம் பார்க்கும் நாம் இதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

முதல் நாள் என்ன நடக்கும்? எதிரெதிரே உட்கார்ந்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் பேச்சுதான். தூக்கம், பசி, தொழில், குடும்பம், குடிப்பழக்கம், சாப்பிடும் மருந்துகள் என்று விசாரிப்பார். உயிரை விட்டுவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்றும் நேராகவே கேட்பார். நம்மிடம் கேட்டபோது சற்று நேரம் வாய் வரவில்லை. வீட்டில்கூடச் சொல்லாததை அங்கே சொன்னோம். தோன்றியிருந்தால் நீங்களும் மறைக்காதீர்கள்.

சொன்னது வெளியே போகுமோ என்ற பயம் வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்றவைதான் விதிவிலக்கு.

முதல் நாளே பாரம் இறங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். நமக்கு அன்றிரவும் தூக்கம் வரவில்லை. கொடுத்த பணம் தண்டம் என்றே நினைத்தோம். ஆண்டுக் கடைசியில் இருப்பு எடுக்கும் நாளில் வியாபாரம் நடக்காது. ஆனால் இருப்பு தெரியாமல் அடுத்த ஆண்டுக் கணக்கைத் தொடங்க முடியுமா? முதல் சந்திப்பும் அப்படித்தான். பெரும்பாலும் வாரம் ஒரு முறை, சில வாரங்களோ சில மாதங்களோ போக வேண்டியிருக்கும். இடையில் வீட்டுப்பாடமும் உண்டு. இரவில் எதை நினைத்துப் பயந்தோம், மறுநாள் உண்மையில் என்ன நடந்தது என்று இரண்டு பத்தியாக எழுதச் சொன்னார். கணக்கெழுதிப் பழகிய கை, எளிதாக வந்தது. ஐந்தாம் வாரம் பார்த்தால், பயந்ததில் பாதிக்கு மேல் நடக்கவேயில்லை.

வராத பாக்கியை உளவியலாளர் வசூலித்துத் தரமாட்டார். அந்தப் பாக்கி இன்றும் முழுதாக வரவில்லை. ஆனால் கொடுக்க வேண்டியவரிடம் முகம் பார்த்துத் தவணை கேட்கும் தெம்பு நமக்கு வந்தது. நான்கைந்து முறை போயும் ஒத்துவரவில்லை என்றால் அவரிடமே சொல்லுங்கள். வேறொருவரிடம் போவதிலும் தவறில்லை. ஆனால் மருத்துவர் எழுதிய மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது.

செலவுக்கு அஞ்சுபவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்; அப்போதே வீட்டாரிடம் சொல்லுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

வாரத்தில் ஒரு மணி நேரம் கல்லாவை மகனிடமோ கணக்குப்பிள்ளையிடமோ விட்டுவிட்டுப் போனால் வியாபாரம் குறைந்துவிடாது. கடையைத் திறக்க நாம் இருக்க வேண்டும்; அதுதான் முதல்.