சீமெண்ணெயில் கிளம்பும் சுதேசி ராக்கெட்

"ஏனுங்க சார், அது எப்பப் போகுமுங்க?"

மதுக்கரைக் கடைவீதியில் நம்மைக் காணும் அன்பர்களில் பாதிப் பேர் இப்போது இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். 'அது' என்றால் பாலக்காட்டு ரயிலோ பொள்ளாச்சி பஸ்ஸோ என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. எல்.வி.எம். 3 என்னும் நமது தேசத்தின் மிகப் பெரிய ராக்கெட், புதிய இயந்திரத்தைப் பொருத்திக்கொண்டு முதன் முதலாக ஆகாயத்தில் எழும்பப் போகும் நாளைப் பற்றிய கேள்வி அது.

இப்படியொரு கேள்வி நம்மைத் தேடி வருவதற்குக் காரணம், சனிக்கிழமை மாலைகளில் நம் வீட்டுத் திண்ணையில் கூடும் ஒரு சிறு சபை. சிமெண்டு ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பம்புப் பட்டறைக்காரர் ஒருவர், பலகாரத் தட்டுடன் வந்து பேச்சு முடியும் வரையில் எழுந்து போகாத இல்லத்தரசிகள் இருவர், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள்: இவ்வளவுதான் சபை. தர்மலிங்கேசுவரர் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்குவதும், ராக்கெட் பேச்சு ஆரம்பமாவதும் அநேகமாக ஒரே சமயத்தில் நடக்கும்.

கொங்கு நாட்டாருக்கு இந்தப் பைத்தியம் ஏன் என்று கேட்பவர்கள், இங்கிருந்து சிறிது தூரத்தில், கிணத்துக்கடவுப் பக்கத்தில் உள்ள கோதவாடி என்னும் கிராமத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கே பிறந்து கோயம்புத்தூரில் பொறியியல் படித்த மயில்சாமி அண்ணாதுரை அவர்கள்தான் 2008-ஆம் வருஷத்தில் சந்திரனுக்குச் சென்ற முதல் சந்திரயானின் திட்ட இயக்குநர். அடுத்த ஊர்ப் பிள்ளை சந்திரனைத் தொட்டு வந்த பிறகு, நம் ஊர்ப் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பதில் ஆச்சரியம் என்ன?

பழைய ராக்கெட்டுக்கு என்ன குறை?

குறை ஒன்றும் இல்லை என்பதே முதலில் சொல்ல வேண்டியது. எல்.வி.எம். 3 ராக்கெட்டின் உயரம் 43.5 மீட்டர், எடை ஏறக்குறைய 640 டன். 2017-ஆம் வருஷம் ஜூன் 5-ஆந் தேதி முதல் செயற்கைக்கோளைச் சுமந்து சென்றதிலிருந்து, சந்திரயான் 2, சந்திரயான் 3 ஆகிய இரண்டையும் வழியனுப்பி, 2025 டிசம்பர் 24-ஆந் தேதி 6,100 கிலோ எடையுள்ள அந்நிய நாட்டுச் செயற்கைக்கோள் ஒன்றை மேலே ஏற்றியது வரையில், அது ஒரு தடவையேனும் நம்மை ஏமாற்றவில்லை.

ஆனால் வண்டி நல்ல வண்டியாயிருந்தாலும் பாரம் பெரிதாகிக்கொண்டே போகிறது. தொலைத்தொடர்புக்கான செயற்கைக்கோள்களை 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பாதையில் நம் ராக்கெட் சுமக்கக்கூடியது சுமார் 4 டன். ஆகவே 2018 டிசம்பரில், 5,854 கிலோ எடையுள்ள ஜிசாட் 11 என்னும் நம் செயற்கைக்கோளை ஐரோப்பிய ராக்கெட்டில் ஏற்றித் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து அனுப்ப நேர்ந்தது. 2024 நவம்பரில், 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட் 20-ஐ அமெரிக்க ராக்கெட் ஒன்று புளோரிடாவிலிருந்து ஏற்றிச் சென்றது. நம் வீட்டுப் பெண்ணை நாமே சிங்காரித்துவிட்டு, புகுந்த வீட்டுக்கு அனுப்பப் பக்கத்து வீட்டு வண்டியை வாடகைக்குப் பிடித்த கதைதான்!

இந்தக் குறையைத் தீர்க்கவே புதிய ஏற்பாடு. ராக்கெட்டின் நடு அடுக்கிலுள்ள இரண்டு விகாஸ் எஞ்சின்களை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் ஒரே பெரிய எஞ்சினை வைக்கப் போகிறார்கள். அந்த ஓர் எஞ்சின் சுமார் 200 டன் எடையைத் தூக்கும் விசை உடையது. அது வந்தால் 4 டன் பாரம் 5 டன்னாகும்.

அடுப்படியிலிருந்து ஆகாயத்துக்கு

பழைய எஞ்சின்கள் குடிக்கும் எரிபொருள் கொடிய விஷம். புதிய எஞ்சினோ மிகவும் சுத்தம் செய்யப்பட்ட மண்ணெண்ணெயில் ஓடுவது. இதைச் சொன்னபோது சபையிலிருந்த இல்லத்தரசிகள் இருவரும் சிரித்துவிட்டார்கள். "ரேஷன் கடையில க்யூ நின்னு வாங்கின சீமெண்ணெயா சார்?" என்றார் ஒருவர். அதே இனந்தான். சீமையிலிருந்து வந்த எண்ணெய் என்பதால் சீமெண்ணெய் என்று பெயர் வைத்தார்கள் நம் முன்னோர்கள். அந்தச் சீமெண்ணெயில் நூற்றுக்கு நூறு சுதேசி ராக்கெட் கிளம்பப் போகிறது என்றால், காலம் எப்படி மாறுகிறது பாருங்கள்!

எண்ணெய் எரியப் பிராணவாயு வேண்டும். அடுப்புக்குக் காற்று கொடுக்கிறது. ராக்கெட் செல்லும் உயரத்தில் காற்று ஏது? எனவே பிராணவாயுவைப் பூஜ்யத்துக்குக் கீழே 183 டிகிரி வரையில் குளிரவைத்து, திரவமாக்கித் தொட்டியில் நிரப்பிக்கொள்கிறது. ஒரு பக்கம் உறைபனியைவிடக் கொடிய குளிர்; மறு பக்கம் உலைக்களம். இரண்டுக்கும் நடுவில் நின்று வேலை செய்வது ஒரு பம்பு.

'பம்பு' என்றதும் நம் பட்டறைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோயம்புத்தூர்க்காரருக்குப் பம்பைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? மாடு கட்டிக் கவலை இறைத்த கிணற்றில் ஆயில் எஞ்சின் வந்து, பிறகு மின்சார மோட்டார் வந்து, பிறகு ஆழ்குழாய்க்குள் மூழ்கும் மோட்டாரும் வந்துவிட்டதைக் கண்டது இந்தச் சீமை. அவருக்கு நாம் இப்படிக் கணக்குச் சொன்னோம்: புது எஞ்சினின் குழாய்களில் அழுத்தம் 600 பார் வரையில் ஏறும். ஒரு பார் அழுத்தம் தண்ணீரைச் சுமார் 10 மீட்டர் உயரம் தள்ளும். ஆகவே 600 பார் 6,000 மீட்டர் தள்ளும். தொட்டபெட்டா மலையைப் போல இரண்டு மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் தண்ணீர் அதற்கும் மேலே போய் விழும். அது மட்டுமல்ல; பம்பைச் சுழற்றும் சூடான வாயுவில் பிராணவாயு மிகுந்திருக்கிறது. அதில் சாதாரண இரும்பு விறகைப் போல் தீப்பற்றிக்கொள்ளும். உலோகத்தையே புதிதாகத் தேட வேண்டும்.

பட்டறைக்காரர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப லேட்டாகத்தானுங்க செய்யும்" என்றார்.

மகேந்திரகிரியில் நடந்தது

திருநெல்வேலிச் சீமையில் மகேந்திரகிரி மலையடிவாரத்தில் இந்த எஞ்சினைப் பரீட்சித்து வருகிறார்கள். 2023 ஜூலை 1-ஆந் தேதி, எரியும் அறை நீங்கலாகப் பம்பு முதலிய பாகங்களை ஒன்றாகப் பூட்டி 4.5 விநாடி ஓட்டிப் பார்க்க முனைந்தார்கள். 1.9 விநாடியில் சுழலியின் அழுத்தம் எதிர்பாராத விதமாக ஏறவே, பரீட்சையை நிறுத்திவிட்டார்கள். காரணத்தைத் தேடித் திருத்தி, மறுபடியும் அத்தகைய பரீட்சையில் வெற்றி கண்ட நாள் 2025 மார்ச் 28. அன்று ஓடியது 2.5 விநாடி. அடுத்த ஏப்ரல் 24-ஆந் தேதி 3.5 விநாடி. இரண்டு விநாடிக்கும் இரண்டரை விநாடிக்கும் இடையில் கிட்டத்தட்ட இருபத்தொரு மாதம்!

இது புதிய அனுபவமும் அல்ல. கிரையோஜெனிக் எஞ்சினின் தொழில் இரகசியத்தை ருஷியாவிடமிருந்து பெறுவதற்கு 1991-இல் செய்த ஒப்பந்தம், அமெரிக்காவின் எதிர்ப்பால் குலைந்தது. எஞ்சின்கள் கிடைத்தன, செய்யும் வித்தை கிடைக்கவில்லை. நாமே செய்தோம். 2010 ஏப்ரல் 15-ஆந் தேதி அந்த எஞ்சினுடன் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பிற்று, எஞ்சின் பற்றிய ஒரு கணத்திலேயே அதற்கு எரிபொருள் ஊட்டும் பம்பு நின்றுபோக, ராக்கெட் கடலில் விழுந்தது. அங்கேயும் பம்புதான்! 2013 ஆகஸ்டு 19-ஆந் தேதி மறு முயற்சி, புறப்பட 74 நிமிஷம் இருக்கையில் வேறோர் அடுக்கில் எரிபொருள் கசிந்ததால் நின்றது. கடைசியில் 2014 ஜனவரி 5-ஆந் தேதி வெற்றி கிட்டியது. அந்த எஞ்சின் வேலையில் வருஷக்கணக்காக ஈடுபட்டிருந்த வி. நாராயணன் அவர்கள் 2025 ஜனவரியில் விண்வெளி நிறுவனத்தின் தலைவரானார்.

நிரப்பப்படாத கட்டம்

இனி நம் சொந்தக் கதை. 2019 ஜூலையில் சந்திரயான் 2 புறப்படுவதைக் காண, நாமும் மற்றோர் ஆசிரியையும் எட்டு மாணவ மாணவியரை அழைத்துக்கொண்டு ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பிரயாணமானோம். கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு ரயில். அங்கிருந்து சூலூர்ப்பேட்டைக்கு மற்றொரு ரயில். கையில் புளிச்சோற்று மூட்டை. பார்வையாளர் மாடத்தில் நள்ளிரவில் ஆயிரக்கணக்கான ஜனங்களோடு உட்கார்ந்திருந்தோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, 'புறப்பட்ட நேரம்' என்று கட்டம் போட்டு, நிமிஷம் தவறாமல் குறிக்கும் பொறுப்பை ஒப்படைத்திருந்தோம்.

ஜூலை 15, அதிகாலை 2 மணி 51 நிமிஷத்துக்குப் புறப்பட வேண்டியது. 56 நிமிஷம் 24 விநாடி மீதியிருக்கும்போது எண்ணிக்கை நின்றது. சற்று நேரத்தில், இன்று இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அந்தப் பெண் ஈரோடு வரும் வரையில் அழுதாள். ஊருக்கு வந்ததும், "செலவு பண்ணிக் கூட்டிட்டுப் போய் என்னத்தைக் காமிச்சீங்க?" என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். அதற்கு நம்மிடம் அப்போது பதில் இல்லை.

ஒரு வாரம் கழித்து, ஜூலை 22-ஆந் தேதி, பிற்பகல் 2 மணி 43 நிமிஷத்துக்கு அந்த ராக்கெட் கிளம்பிற்று. பள்ளிக்கூடத் தொலைக்காட்சிப் பெட்டி முன் உட்கார்ந்து அந்த மாணவி கட்டத்தை நிரப்பினாள். பழைய பக்கத்தையும் அவள் கிழித்துவிடவில்லை. '56:24, நிறுத்தப்பட்டது' என்று அதிலும் எழுதிவைத்தாள். இன்று அவள் கோயம்புத்தூரில் இயந்திரப் பொறியியல் படிக்கிறாள். அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் அவளிடம் இருக்கிறது.

முதல் தடவையா, இரண்டாந்தடவையா?

புதிய ராக்கெட்டின் முதல் பிரயாணத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போவதென்று நாம் தீர்மானித்திருக்கிறோம். இதற்கு முதல் ஆட்சேபம் சொன்னவர் நம் பட்டறைக்காரரேதான். அவருடைய மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள்.

"முதல் தடவை வேண்டாமுங்க சார். புது எஞ்சின், கோளாறு வந்தாலும் வரும். புள்ளைங்க மனசு ஒடிஞ்சு போகும். ரெண்டாந்தடவை கூட்டிட்டுப் போங்க" என்றார்.

நியாயமான பேச்சு. முதற் பிரயாணங்கள் கைவிட்டதுண்டு. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி. 3 கடலில் விழுந்தது. 2022 ஆகஸ்டு 7-ஆந் தேதி எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய ராக்கெட்டின் முதற் பிரயாணத்தில், 75 கிராமப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பங்குகொண்டு செய்த ஆஜாதிசாட் என்னும் செயற்கைக்கோளும் வீணாகிப் போயிற்று. ஆறு மாதம் சென்று, 2023 பிப்ரவரி 10-ஆந் தேதி, அதே ராக்கெட்டின் இரண்டாம் பிரயாணத்தில் இரண்டாவது ஆஜாதிசாட் ஆகாயம் ஏறியது.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, பட்டறைக்காரரிடம் நாம் ஒன்று மட்டும் கேட்டோம்: "நீங்கள் புது மாதிரிப் பம்பு ஒன்று செய்தால், முதல் நாள் ஓட்டத்தைப் பையன்களிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்களா?"

"அதெப்படிங்க போறது? தண்ணி சரியா எடுக்குதா, சத்தம் மாறுதான்னு ராத்திரி ஆனாலும் பக்கத்துலயே நிப்பேன்."

"உங்கள் மகளும் அப்படிப் பக்கத்தில் நிற்கட்டுமே!"

அவர் மறுமொழி கூறாமல் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை வந்தவர், தம் மகளின் பெயரோடு தம் பெயரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

நேயர்களுக்கும் நாம் சொல்லக்கூடியது இதுவே. வெற்றி விழாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல எல்லாரும் இருக்கிறார்கள். ஒரு காரியம் கைகூடுமா என்று அதைச் செய்தவர்களே நெஞ்சு படபடக்க நிற்கும் முதல் நாளன்று பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டும். எண்ணிக்கை நின்றால் ஏன் நின்றதென்று கேட்கட்டும். மறுபடி எப்போதென்று காத்திருக்கட்டும். அப்படிக் காத்திருந்து பழகிய பிள்ளைகளில் ஒருவர்தான் நாளைக்கு மகேந்திரகிரியில் அந்த அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறார்.

நம் பட்டியலில் இதுவரையில் பதினான்கு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. நோட்டுப் புத்தகமும் வாங்கியாகிவிட்டது. இந்தத் தடவை ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கட்டங்கள் போட்டிருக்கிறோம்.