ஓய்வுக்குப் பின்னும் கனிதரும் வாழ்வு

பணி ஓய்வு பெற்ற சில மாதங்களில் எங்களிடம் வருவோர் பலரிடம் சில பொதுவான குறைகளைக் காண்கிறோம். கட்டுக்குள் இருந்த சர்க்கரை ஏறியிருக்கும், உறக்கம் கெட்டிருக்கும், பசி மந்தமாகியிருக்கும். பரிசோதனைகள் முடிந்தபின், "இனி என்னால் யாருக்கு என்ன பயன்?" என்ற கேள்வி மெல்ல வெளிவரும். நோய்க்கு மருந்து எழுதுவதுபோலவே, இக்கேள்விக்கு விடை தேட உதவுவதும் எங்கள் கடமை எனக் கருதுகிறோம்.

வேலை என்பது ஊதியம் மட்டுமன்று. எழும் நேரம், உண்ணும் நேரம், நடை, நான்கு பேருடன் பேச்சு ஆகியவற்றையும் அதுவே ஒழுங்குபடுத்தி வந்தது. அது நின்றதும் இவையனைத்தும் ஒருசேரக் குலைகின்றன. அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த ஏறத்தாழ 7,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வாழ்வில் உறுதியான நோக்கம் உடையோரிடையே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. நோக்கமே ஆயுளை நீட்டியது என்று இதைக் கொண்டு அறுதியிட இயலாது. எனினும் அதைப் புறக்கணிக்கவும் இயலாது.

கிறிஸ்தவ விசுவாசம் இதில் தெளிவான வழி காட்டுகிறது. எண்ணாகமம் 8-ஆம் அதிகாரத்தின்படி, லேவியர் 50 வயதில் கடினமான திருப்பணியிலிருந்து விடுபட்டனர். அதன்பின் தம் சகோதரருக்குத் துணையாக நின்றனர். சுமை இறக்கப்பட்டது, உறவும் பொறுப்பும் நீடித்தன. நீதிமானைப் பனைக்கு ஒப்பிடும் 92-ஆம் சங்கீதம் முதிர்வயதிலும் கனிதருவதைப் பேசுகிறது. பனையோடு வாழும் உடன்குடி மக்களுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை.

நம் பகுதியோடு தொடர்புடைய இருவரின் வாழ்வை எண்ணிப் பார்க்கலாம். சாயர்புரத்தில் ஊழியம் செய்த ஜி. யு. போப் ஐயர், இங்கிலாந்து திரும்பியபின் ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்தார். அவருடைய திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886-இலும், நாலடியார் 1893-இலும், திருவாசகம் 1900-இலும் வெளிவந்தன. திருவாசகம் வெளிவந்தபோது அவருக்கு வயது 80. அத்தனை பெரிய பணியை முடிக்க ஆயுள் போதுமா என அவர் தயங்கியபோது, பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்டு வாழும் வழி என நண்பர் ஜோவெட் ஊக்கப்படுத்தினார்.

போப் ஐயருக்கு உடல் ஒத்துழைத்தது. ஒத்துழைக்காதபோது என்ன செய்வது? டோனாவூரில் குழந்தைகளைக் காத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931 அக்டோபர் 24 அன்று குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அப்போது வயது 63. 1951 ஜனவரியில் மறையும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். வலியோடும் உறக்கமின்மையோடும் அங்கிருந்தே கடிதங்களும் நூல்களும் எழுதினார். அவற்றுள் 1933-இல் வெளிவந்த ஒன்று, நோயுற்ற ஒருவர் நோயுற்ற பிறருக்கு எழுதிய நூலாகும். பயனுள்ள வாழ்வுக்கு ஓடியாடும் உடல் கட்டாயமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே நாங்கள் பரிந்துரைப்பவை சில. எழும் நேரத்தை மாற்றாதீர்கள். மருத்துவர் தடை சொல்லாவிடில், வாரத்திற்கு 150 நிமிடங்கள் வெயில் தாழ்ந்த வேளையில் நடங்கள். பிறருக்குப் பயன்படும் பொறுப்பு ஒன்றை மட்டும், நாளும் நேரமும் குறித்து ஏற்றுக்கொள்ளுங்கள். அண்டை வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது, தனித்திருக்கும் சபையாரைச் சந்திப்பது, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஓய்வூதிய விண்ணப்பம் நிரப்பித் தருவது என எதுவாகவும் அது இருக்கலாம். படுக்கையில் இருப்போர் நாளுக்கு ஒருவரைத் தொலைபேசியில் விசாரித்து, பெயர் சொல்லி ஜெபிக்கலாம். அதுவும் ஊழியமே.

சில எச்சரிக்கைகளும் உண்டு. இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்போர் உபவாசம் இருக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். வீட்டில் விழாமலிருக்க, குளியலறையில் கைப்பிடியும் இரவில் விளக்கும் அமையுங்கள். சோர்வும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை தோன்றினாலோ, தாமதமின்றி வாருங்கள். அது விசுவாசக் குறைவன்று, குணப்படுத்தக்கூடிய நோய். ஜெபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். "நீங்கள் சும்மா இருங்கள் அப்பா" என்று அன்பினால் சொல்வது, அவரிடம் எஞ்சியுள்ள பொறுப்பையும் பறித்துவிடக்கூடும். கீரை ஆய்வதோ, பேரப்பிள்ளையின் பாடத்தைக் கேட்பதோ, வீட்டுக் கணக்கு எழுதுவதோ, அவரால் இயன்ற ஒன்றை அவரிடமே விடுங்கள். மெதுவாக முடிந்தாலும் பொறுத்திருங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, மருந்துச் சீட்டோடு அவர் அந்த வாரம் செய்த வேலையைப் பற்றியும் எங்களிடம் சொல்லுங்கள். அதையும் நாங்கள் கேட்டறிய விரும்புகிறோம்.