குருண்ட்விக் (5): உழவர் மக்களுக்கு ஒரு வித்தியாசாலை

சென்ற வாரம் நாம் கண்ட வழக்கு 1826-ஆம் வருஷத்தில் முடிவுற்றது. பேராசிரியர் கிளாசனின் நூலைக் கண்டித்து டேனிஷ் மதகுரு குருண்ட்விக் வெளியிட்ட பிரசுரம் அவதூறே என்று தீர்மானித்த நியாயஸ்தலம், அபராதம் விதித்ததோடு நில்லாமல், இனி அவர் எழுதும் எதுவும் தணிக்கையாளரின் அனுமதியின்றி அச்சேறலாகாது என்று ஆயுட்காலத் தடையும் விதித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னரே அவர் சபைப் பொறுப்பைத் துறந்துவிட்டார். டென்மார்க்கில் கிறிஸ்து மதம் புகுந்து ஆயிரம் ஆண்டுகள் நிறைவுற்றதை அவ்வருஷத்துப் பெந்தெகொஸ்தே பண்டிகையில் கொண்டாடுவதற்கென்று தாம் இயற்றிய ஞானப்பாட்டுகளைத் தேவாலயத்தில் பாடுவதற்கு மேலதிகாரிகள் தடை விதித்தபோது, அந்தப் பிரசங்க பீடத்தில் தொடர்ந்து நிற்க அவர் மனம் இசையவில்லை.

எழுதுகோலுக்கும் நாவுக்கும் ஒருங்கே விலங்கு பூட்டப்பெற்ற அந்த வருஷங்களே அவருடைய சிந்தனை கனிந்த காலம் என்பது என் திடமான அபிப்பிராயம். புராதன ஆங்கிலக் காவியமாகிய பெயோவுல்ஃபை 1820-லேயே டேனிஷ் பாஷையில் பெயர்த்து, நவீன மொழியொன்றில் அதனை முழுமையாகத் தந்த முதல்வர் என்ற கீர்த்தியை அடைந்திருந்த அவருக்கு, இங்கிலாந்தின் பழஞ்சுவடிகளை ஆராய்வதற்கு அரசர் பொருளுதவி செய்யவே, 1829 முதல் 1831 வரை மூன்று கோடைகளில் அவர் அங்கே சென்றார். சென்றது சுவடிகளுக்காக, ஆனால் அவர் உள்ளத்தை ஆட்கொண்டது கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் கண்ட வாழ்க்கை. ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே வளாகத்தில் வசித்து, ஒன்றாக அமர்ந்து உண்டு, தடையின்றி அளவளாவுவதைக் கண்டபோது, பாலியத்தில் ஆர்ஹூஸ் நகரத்து லத்தீன் பள்ளியில் தாம் கழித்த வறண்ட நாட்கள் அவர் நினைவுக்கு வந்திருத்தல் வேண்டும். அந்தப் பள்ளியின் மீது கொண்ட கசப்பு அவரை விட்டு ஒருநாளும் நீங்கியதில்லை. உயிரற்ற எழுத்தை உருப்போடச் செய்யும் அத்தகைய கல்வியை மரணத்திற்கான கல்வி என்றே அவர் கண்டித்து வந்தார்.

அவருடைய கல்விக் கொள்கைக்கு அரசியலும் காரணமாயிற்று. பிறந்த பண்ணையை விட்டு அகலலாகாது என்று டேனிஷ் குடியானவர்களைக் கட்டியிருந்த சட்டம் 1788-ல் நீங்கத் தொடங்கியபோது குருண்ட்விக் ஐந்து வயதும் நிறையாத குழந்தை. அவர் நடுவயதை எட்டுவதற்குள், அதே குடியானவர்களின் பிரதிநிதிகளும் அமரக்கூடிய ஆலோசனைச் சபைகளை ஏற்படுத்துவதாக அரசர் அறிவித்தார். இச்சபைகளைப் பற்றி அவருக்கு ஆதியில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆயினும், ராஜாங்கத்துக்கு ஆலோசனை கூற வருபவன் தன் நாட்டின் சரித்திரத்தையும் சட்டத்தையும் தாய்மொழியையும் அறியாதவனாக இருந்தால் அந்தச் சபையால் விளையும் நன்மை யாது என்ற வினா அவரை விடவில்லை. பரீட்சையும் பட்டமும் இல்லாததாய், பதினெட்டு வயது கடந்த எவரும் சேரத்தக்கதாய், உரையாடலும் பாட்டும் சரித்திரக் கதையுமே பாடமாய் அமைந்த ஒரு வித்தியாசாலை வேண்டும் என்று அவர் 1830-களில் எழுதலானார்.

1837-ன் இறுதியில் தணிக்கை நீங்கியது. மறு வருஷம் கோபன்ஹேகனில் தம் வாழ்நாட்காலத்து ஐரோப்பியச் சரித்திரத்தைப் பற்றி ஐம்பத்தொரு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவருடைய எழுத்து, நேர்மையாகச் சொல்வதானால், நீண்டு சிக்கலுற்றுப் படிப்போரைக் களைப்புறச் செய்யும். பேச்சிலோ அவர் முற்றிலும் வேறு மனிதர். ஒருநாள் சொற்பொழிவு முடிந்ததும், கூடியிருந்தோர் தாமாகவே அவருடைய பாடலொன்றைச் சேர்ந்து பாடத் தொடங்கினார்களாம். சொற்பொழிவோடு பாட்டும் இணைந்த அவ்வழக்கம் பின்னர், அவர் கருத்தின்படி எழுந்த மக்கள் கல்விச்சாலைகளின் உயிர்நாடியாயிற்று.

அவர் கனவு கண்ட இடத்தில் மட்டும் அக்கல்விச்சாலை எழவில்லை. ஸோரோ என்ற ஊரில் அதனை அமைக்க எட்டாம் கிறிஸ்தியான் அரசர் சம்மதித்தார். ஆனால் 1848 ஜனவரியில் அவர் காலமானார். பின்னர்க் கல்வி மந்திரியாக வந்த மாட்விக், ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்ற லத்தீன் பண்டிதர்; அவர் காலத்தில் திட்டம் கைவிடப்பட்டது. எனினும் அதற்கு முன்னரே, 1844 நவம்பரில், வட ஷ்லெஸ்விக்கில் ஜெர்மானிய ஆதிக்கத்துக்கு எதிராகத் தம் பாஷையைக் காக்க விழைந்தோர் ரோடிங் என்ற ஊரில் முதற்சாலையைத் திறந்துவிட்டனர். 1851-ல் ஃபூன் தீவின் ரிஸ்லிங்கேயில், செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகனாகிய கிறிஸ்தன் கோல்ட், குருண்ட்விக்கின் ஆதரவைப் பெற்று, சொற்பமான மாணாக்கர்களோடு ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கித் தமது சாலையை நடத்தலானார். குருண்ட்விக்கின் கருத்துக்குக் குடியானவன் வீட்டு அடுப்பங்கரையிலும் இடம் தேடித் தந்தவர் இந்தக் கோல்ட் தான் என்று கூறுவதற்கு நான் தயங்கேன்.

1864 யுத்தத்தில் ஷ்லெஸ்விக் பறிபோகவே, ரோடிங் சாலையின் தலைவர் ஸ்ரோடர் புதிய எல்லைக்கு இப்பால் ஆஸ்கோவில் மறு வருஷமே பணியைத் தொடர்ந்தார். பின்பு அமெரிக்க, ரஷ்யத் தானியம் மலிந்து கோதுமை விலை வீழ்ந்தபோது, டேனிஷ் விவசாயிகள் வெண்ணெய்க்கும் பன்றி இறைச்சிக்கும் மாறி, 1882-ல் யெடிங் கிராமத்தில் முதற் கூட்டுறவுப் பால் பண்ணையை நிறுவினர். இக்கூட்டுறவு இயக்கத்தைத் தலைமையேற்று நடத்தியோரில் பலர் குளிர்காலங்களில் இச்சாலைகளில் கற்றவர்கள். அங்கே அவர்களுக்குப் பால் பண்ணையின் கணக்கு போதிக்கப்பட்டதைக் காட்டிலும், அயலானை நம்பி ஒரே மேஜையில் அமரும் பழக்கமே மிகுதியாகக் கிடைத்தது.

இச்சாலைகளின் செல்வாக்கு டென்மார்க்கோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் மைல்ஸ் ஹார்ட்டன் டென்மார்க் சென்று இச்சாலைகளைக் கண்டு திரும்பி, 1932-ல் டென்னஸி மாநிலத்தில் ஹைலாண்டர் கல்விச்சாலையைத் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் சமமாக அமர்ந்து பயின்ற அவ்விடத்தில் 1955-ன் கோடையில் பயிற்சி பெற்ற ரோஸா பார்க்ஸ், அவ்வருஷ டிஸம்பரில் மாண்ட்கமரி நகரத்துப் பஸ்ஸில் தம் ஆசனத்தை விட்டெழ மறுத்தார். நம் பரங்கிப்பேட்டையிலே சேவா மந்திர் என்ற பெண்கள் பள்ளியை அமைத்தவரும் காந்தியடிகளின் அன்புக்குப் பாத்திரமானவருமாகிய ஆன் மேரி பீட்டர்ஸன் அம்மையாரும், இந்தக் கல்விமரபைத் தம்முடன் கொண்டுவந்த டேனிஷ் மாதே.

1839-ல் வார்ட்டோவ் என்ற முதியோர் இல்லத்துத் தேவாலயத்தில் குருப்பணி ஏற்று, 1872 செப்டம்பர் 2-ஆம் நாள் காலமாகும் வரையில் குருண்ட்விக் அங்கே பாடிய ஞானப்பாட்டுகளை அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)