பூச்சு வேலைக்கு முன் ஒரு பைப்

மின்சார கார் வாங்குவது நாலு வருடம் கழித்து நடக்கலாம். அது நிற்கப்போகும் போர்டிகோவுக்கு டைல்ஸ் ஒட்டுவது அடுத்த மாதமே முடிந்துவிடும். வீடு கட்டுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். சுவர் திறந்திருக்கும்போதே டிபி பெட்டியிலிருந்து கார் நிற்கும் இடம்வரை 32 மில்லிமீட்டர் பைப் ஒன்றைப் புதைத்துவிடுங்கள், செலவு சொற்பம். குடிவந்த பிறகு என்றால் காடி வெட்டி, பூசி, பெயின்ட் அடிக்க வேண்டும். மொட்டை மாடிக்கும் ஒரு காலிப் பைப் விட்டால் பின்னாளில் சோலாருக்கு ஆகும்.

சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் சுமார் 3.3 கிலோவாட்தான் கிடைக்கும்; 40 யூனிட் பேட்டரி நிரம்ப 12 மணி நேரத்துக்கு மேலாகும். சுவரில் மாட்டும் 32 ஆம்பியர் சார்ஜர் அதையே ஆறு மணி நேரத்தில் முடிக்கும். இதற்குக் குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் வேண்டும், தூரம் அதிகமென்றால் 10. 'ஹீட்டர் லைன்லேர்ந்தே எடுத்துக்கலாம் சார்' என்பார் எலெக்ட்ரீஷியன். கூடாது. ஹீட்டர் கால் மணி நேரம் ஓடி நிற்கும். கார் ராத்திரி முழுக்க ஒரே சீராக இழுக்கும். முறுக்கிவிட்ட ஜாயின்ட் ஒன்று இருந்தால் போதும், அங்கேதான் சூடேறும், உருகும். கார் சார்ஜருக்கு டிபியிலிருந்து தனி லைன், தனி பிரேக்கர்.

கசிவைப் பிடிக்கும் ஆர்சிசிபியிலும் கவனம் தேவை. சார்ஜர் பழுதானால் டிசி மின்சாரம் கசியலாம். மலிவாகக் கிடைக்கும் 'ஏசி' வகை அதைக் கண்டுகொள்ளாது. அந்த டிசியால் மந்தமாகி, சாதாரணக் கசிவுக்கும் விழாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியர் 'பி' வகை வேண்டும்; சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கண்காணிப்பு இருந்தால் 'ஏ' வகை போதும்.

எர்த் சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கு காட்டி அடம்பிடிக்கும். உடனே நியூட்ரலை எர்த்தோடு கோத்து அதை ஏமாற்றும் கைவைத்தியம் ஒன்று உண்டு. வெளியே நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பே ஷாக் அடிக்கும். நல்ல எர்த் குழிக்குச் செலவழிப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்த சென்னைப் பகுதிகளில், தண்ணீர் எட்டிய மட்டத்துக்கு மேலேதான் பாயின்ட் இருக்க வேண்டும்.

சொந்தக் காரை வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் ஏசி, மோட்டாரோடு சார்ஜரின் 7 கிலோவாட்டும் சேருமென்றால் புது இணைப்புக்கு மனுப் போடும்போதே மும்முனையாகவும், மின்பளுவைக் கூட்டியும் கேளுங்கள். மின் நுகர்வோர் உரிமை விதிகளின் 2024 திருத்தப்படி, மனு முழுமையாக இருந்தால் இணைப்பு தர பெருநகரத்தில் 3 நாள், மற்ற நகராட்சிகளில் 7, கிராமத்தில் 15 நாள் கெடு. காருக்கென்று தனி இணைப்பும் கேட்டுப் பெறலாம்.

பில்லையும் யோசியுங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் போலக் கூடும். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கும் விலை ஏறுகிறது. பலருக்கு இது பில் வந்த பிறகே தெரிகிறது.

இணைப்புத் தராமல் இழுத்தடித்தால், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. அடுத்து உங்கள் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேல் மின் குறைதீர்ப்பாளர். ஒப்பந்தக்காரர் மட்டமான வயர் போட்டால் நுகர்வோர் ஆணையம் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. அங்கே வாய்ப்பேச்சு எடுபடாது. வயரின் அளவு, ஆர்சிசிபி வகை, எர்த் குழி எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கட்டும். பூசுவதற்கு முன் பைப் ஓடும் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள்.