ஒரு சொட்டுக்கும் குறைவு

பழைய புல்லட் 350-இன் இன்ஜின் கொள்ளளவு 346 சிசி. ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகியிருந்தாலும், பிஸ்டன் ஒருமுறை கீழிறங்கும்போது உள்ளே போகும் காற்றின் எடை அரை கிராமைத் தொடாது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். அப்படியானால் அந்த ஓர் இழுப்புக்குத் தேவையான பெட்ரோல் சுமார் 0.04 மில்லி, அதாவது ஒரு சொட்டுக்கும் குறைவு. நிமிடத்துக்கு 3,600 சுற்று வேகத்தில் இதை நொடிக்கு 30 தடவை அளந்து கொடுத்தாக வேண்டும். கார்ப்பரேட்டருக்குள் பித்தளையில் போட்ட சில துளைகளும் ஒரு மிதவையும் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன. சென்சாரும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. 1955-இல் மெட்ராஸில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா பல பத்தாண்டுகள் விற்ற புல்லட்டுகள் இதை நம்பித்தான் ஓடின.

குறுகலான இடத்தைக் கடக்கும் காற்றுக்கு வேகம் கூடும், அழுத்தம் குறையும். கார்ப்பரேட்டரின் தொண்டையில் அப்படி அழுத்தம் குறைந்ததும், கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலை வெளிக்காற்று மேலே தள்ளிவிடுகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. வண்டி நிற்கையில் இன்ஜின் மெல்ல ஓடும்போது தொண்டையில் காற்றோட்டம் மிகக் குறைவு, பெட்ரோலைத் தூக்க அது போதாது. அதனால் ஒரே துளையை நம்பாமல், தொடர் ஓட்டக்காரர்களைப் போல வேலையைக் கைமாற்றிக்கொள்ளும் பாதைகளை வைத்தார்கள். ஐடிலிங்கில் ஸ்லோ ஜெட். ஆக்ஸிலேட்டரை எட்டில் ஒரு பங்கு திருகியதும், மேலே ஏறி இறங்கும் ஸ்லைடின் அடிவெட்டு. கால் பங்கிலிருந்து முக்கால் வரை நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட்.

கோளாறு கண்டுபிடிப்பதன் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. வண்டி எந்த வேகத்தில் மக்கர் செய்கிறது என்று கேட்பதைவிட, ஆக்ஸிலேட்டர் எந்த நிலையில் இருக்கும்போது என்று கேட்க வேண்டும். கைப்பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். ஐடிலிங் நிற்காமல் ஆஃப் ஆகி, அரை திருகலில் அருமையாக ஓடினால் மெயின் ஜெட்டைத் தொடவே வேண்டாம். முழுத் திருகலில் மட்டும் மூச்சுத் திணறினால் ஸ்லோ ஜெட் மேல் பழியில்லை. சூடான இன்ஜினில் சோக்கைப் போட்டதும் ஓட்டம் சீரானால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்காமல் நின்றால், கார்ப்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே எங்கோ காற்று புகுகிறதா என்று பார்க்க வேண்டும். எந்த ஸ்க்ரூவைத் திருகியும் அந்தக் கசிவை அடைக்க முடியாது.

மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் முதலில் அடைபடுவது ஸ்லோ ஜெட்தான். அதன் துளை சுமார் கால் மில்லிமீட்டர். பெட்ரோல் ஆவியாகி மிஞ்சும் பிசின் போன்ற படிவுக்கு அந்தத் துளையை மூட அதிக நேரம் பிடிக்காது. கம்பி விட்டுக் குத்தும் பழக்கம் நம் ஊரில் அதிகம், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பித்தளை மென்மையானது. துளையின் விட்டம் பத்து சதவீதம் பெருத்தால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும், பெட்ரோலும் ஏறக்குறைய அதே அளவு கூடுதலாகப் போகும். கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் போதும். துளை வட்டமாகத் தெரிய வேண்டும்.

தேய்மானத்துக்குக் கழுவி வைத்தியம் பார்க்க முடியாது. ஓட்டத்தின் அதிர்வில் நீடில் தன் உறையை உரசி உரசி, வட்டத் துளையை மெல்ல நீள்வட்டமாக்கிவிடும். அப்போது பாதித் திருகலில் பெட்ரோல் அதிகம் போகும், மைலேஜ் குறையும், பிளக் கறுக்கும். கிளிப்பை மேல் பள்ளத்துக்கு மாற்றி நீடிலை இறக்கினால் கொஞ்ச காலம் தள்ளலாம். சரியான வழி நீடில், உறை இரண்டையும் மாற்றுவதே. எத்தனால் கலந்த பெட்ரோல் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. எத்தனால் எரியக் குறைவான காற்றே போதும் என்பதால், பழைய ஜெட் அளவுக்கு இன்றைய பெட்ரோல் சற்றுப் பற்றாக்குறையாகப் படும். அது ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். நெடுநாள் நின்ற வண்டியின் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் வெள்ளைத் தூள் படிந்திருப்பதைக் காணலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் வண்டி திணறும் இடம் ஒன்று உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறினால், 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கீழே இருந்ததைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கும். பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. புகை கறுக்கும், இழுவை மந்தமாகும். இதைக் கோளாறென்று நினைத்து அங்கேயே ஜெட்டையும் நீடிலையும் மாற்றியவர், இறங்கும்போது மறக்காமல் பழையபடி வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் சமவெளியில் பெட்ரோல் போதாமல் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும்.